இரசனைக்கு எத்தனை காதுகள்?



கதை, கவிதை, நாடகம் என்று பேசிவரும் இந்த வரிசையிலே இன்று இசை இரசனை பற்றிச் சில வார்த்தைகள் சொல்லலாம் என்று நினைக்கிறேன். இயல், இசை, நாடகம் மூன்றையும் சேர்த்தே முத்தமிழ் என்று சொன்ன மரபு நம்முடையது. ஆகையால் இது இலக்கியத்திற்குப் புறம்பான விஷயம் என்று நீங்கள் கருதமாட்டீர்கள். இசையின் இலக்கணத்தை நான் இங்கு விளக்கப் போவதில்லை. அது வித்துவான்களின் வேலை. நான் பேசுவது கேட்பவனின் பக்கத்திலிருந்து.

எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். முறையாகச் சங்கீதம் பயின்றவர். ஒருநாள் பேச்சுவாக்கில், "உமக்கு எந்த இசை பிடிக்கும்?" என்று கேட்டார். "கர்நாடக இசைக் கச்சேரி பிடிக்கும். நாதஸ்வரமும் தவிலும் மிகவும் பிடிக்கும். பழைய தமிழ், ஹிந்தித் திரைப்பாடல்கள் பிடிக்கும். பேத்தோவனையும் கேட்பேன், மைல்ஸ் டேவிஸையும் கேட்பேன். நல்ல பைலா கேட்டால் கால் தானாகத் தாளம் போடும்" என்றேன். நண்பர் சிரித்தார். "அப்படியென்றால் உமக்கு இரசனை என்று ஒன்று இல்லை. ஊரெல்லாம் விருந்து சாப்பிடுகிறவனுக்கு எந்த வீட்டுச் சமையலின் ருசியும் நாக்கிலே தங்காது" என்றார்.

வேடிக்கையாகச் சொன்னாரென்றாலும் அவருடைய கூற்று பொருட்படுத்த வேண்டியது. பல வகை இசையையும் விரும்புவது இரசனையின் வளமா? அல்லது இரசனை இல்லாமையின் அடையாளமா? இதற்கு என்னால் இயன்ற பதிலைத் தர முயல்கிறேன்.

பீப்பாவுக்குள் ஒரு திறப்பு

முதலிலே, இரசனை என்றால் என்ன என்று பார்ப்போம். தமிழிலே சுவை என்கிறோம். வடமொழியிலே ரஸம் என்கிறார்கள். ஆங்கிலத்திலும் நாக்கின் ருசிக்கும் கலையின் இரசனைக்கும் ஒரே சொல்தான். மூன்று மொழிகளிலும் நாக்கே உவமையாக வந்து நிற்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஸ்கொட்லாந்துத் தத்துவஞானி டேவிட் ஹியூம், இரசனையின் அளவுகோல் பற்றி 1757 ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். செர்வான்டிஸ் எழுதிய டொன் கிஹோட்டே நாவலிலே வரும் ஒரு கதையை அதிலே எடுத்துக்காட்டுகிறார். ஒரு பீப்பாவிலிருந்த திராட்சை மதுவைச் சுவைத்துக் கருத்துச் சொல்லும்படி இருவரைக் கேட்கிறார்கள். ஒருவர், மது நல்லதுதான், ஆனால் சற்றுத் தோல் வாடை இருக்கிறது என்கிறார். மற்றவரும் நல்லது என்கிறார், ஆனால் இரும்பின் ருசி தெரிகிறது என்கிறார். சுற்றியிருந்தவர்கள் இருவரையும் பரிகசிக்கிறார்கள். பீப்பா காலியானதும் அடியிலே கிடந்தது ஒரு பழைய இரும்புத் திறப்பு. அதிலே ஒரு தோல் வார் கட்டியிருந்தது!

இந்தக் கதையிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான். இரசனை என்பது வெறும் விருப்பு வெறுப்பன்று. மற்றவர்கள் கவனியாமல் விடும் நுட்பத்தைக் கண்டுகொள்ளும் பயிற்சி அது. அந்தப் பயிற்சி பழக்கத்தால் வருவது. பல தடவை சுவைத்து, ஒன்றோடொன்றை ஒப்பிட்டுப் பார்த்தவர்களுக்கே அது கைகூடும்.

இசையைப் பொறுத்தமட்டில் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஒவ்வொரு வகை இசையும் தனது திறப்பை வேறு வேறு இடத்திலே வைத்திருக்கிறது. ஓரிடத்திலே தேடிப் பழகியவர் மற்ற இடத்திலும் அதே மூலையிலே தேடினால், ஒன்றுமில்லை என்று கைவிரித்துவிடுவார்.

எங்கே தேடுவது?

சில உதாரணங்களைப் பாருங்கள். கர்நாடக இசையிலே ஒரு பாடகர் தோடி ராகத்தை ஆலாபனை செய்கிறார். அந்த ராகத்தின் காந்தாரம் ஓரிடத்திலே அசையாமல் நிற்பதில்லை. அது அசைந்து அசைந்துதான் தோடியாகிறது. கமகம் என்று நாம் சொல்லும் இந்த அசைவிலேதான் ராகத்தின் உயிர் இருக்கிறது. அதைக் கேட்கப் பழகிய காது, மேலைத்தேய சாஸ்திரிய இசையிலே ஒரு சுரம் அசையாமல் நேராக நிற்பதைக் கேட்டதும், "இதென்ன, உயிரில்லாத இசை!" என்று நினைக்கக்கூடும்.

ஆனால் அங்கே சுரம் நேராக நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. அந்த இசையிலே பல சுரங்கள் ஒரே நேரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒலிக்கின்றன. ஒவ்வொன்றும் தன் இடத்திலே நின்றால்தான் அவற்றின் இசைவு காதுக்குப் புலப்படும். அதைவிட, ஒரு சிறு கருவை எடுத்து அதைப் பெரிய கட்டடமாக எழுப்பும் கலையும் அங்கே உண்டு. 1808 இல் வியன்னாவிலே முதன்முதல் அரங்கேறிய பேத்தோவனின் ஐந்தாவது சிம்பனி, மூன்று குறில்களும் ஒரு நெடிலுமாக நான்கே ஒலிகளுடன் ஆரம்பிக்கிறது. அந்த நான்கு ஒலிகள் முதற்பகுதி முழுவதிலும் உருமாறி உருமாறி வருவதைப் பின்தொடர்ந்து போவதுதான் அதைக் கேட்கும் இன்பம். கமகத்தை அங்கே தேடுவதும், கட்டடத்தைத் தோடியிலே தேடுவதும் ஒரே மாதிரியான வீண்வேலைதான்.

ஜாஸ் இசைக்கு வருவோம். மைல்ஸ் டேவிஸ் 1959 இல் வெளியிட்ட 'கைன்ட் ஒவ் புளூ' என்ற இசைத்தட்டை நம்மவர்கள் கேட்டால் அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது என்பது எனது அனுபவம். சுர அடுக்குகளைக் குறைத்துக்கொண்டு, ஒரு சுர வரிசையை அடிப்படையாக வைத்து வாத்தியக்காரர் அந்தக் கணத்திலே கற்பனை செய்து வாசிப்பது அதன் முறை. நம்முடைய மனோதர்மத்திற்கு அது பக்கத்து வீடு. அந்த இசைத்தட்டிலே சக்ஸபோன் வாசித்த ஜோன் கோல்ட்ரேன், பண்டிட் ரவிசங்கர்மீது கொண்ட மதிப்பினால் தமது மகனுக்கு ரவி என்று பெயரிட்டார்.

திரைப்பாடலின் திறப்பு வேறிடத்திலே இருக்கிறது. அது சிக்கனத்தின் கலை. பழைய 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடமே ஓடும். அந்த மூன்று நிமிடத்துக்குள் பல்லவி, சரணம், இடையிசை எல்லாம் அடங்கவேண்டும். கதையின் ஒரு கட்டமும் அதிலே நகரவேண்டும். தேர்ந்த இசையமைப்பாளரின் கையிலே ஓர் இடையிசை இருபது செக்கனிலே ஒரு சிறுகதை சொல்லிவிடும். அதைப் பார்த்து, "ராகத்தை விரித்துப் பாடவில்லையே!" என்று குறைசொல்வது, வெண்பாவைப் பார்த்து "இது ஏன் காப்பியமாக இல்லை?" என்று கேட்பது போன்றது.

தூய்மை என்று ஒன்று உண்டா?

"எல்லாவற்றையும் கேட்டால் நமது இசையின் தூய்மை கெட்டுவிடும்" என்று அஞ்சுவோரும் உளர். அவர்களின் அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் வரலாறு வேறு விதமாகப் பேசுகிறது.

இன்று வயலின் இல்லாத கர்நாடக இசைக் கச்சேரியை நினைத்துப் பார்ப்பது கடினம். அந்த வயலின் ஐரோப்பாவிலிருந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்க காலத்திலே அதைப் பயின்று நம் இசைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர், முத்துஸ்வாமி தீக்ஷிதரின் தம்பியாரான பாலுஸ்வாமி தீக்ஷிதர். மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துஸ்வாமி தீக்ஷிதரே, ஆங்கிலேயரின் பாண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு வடமொழியிலே சாகித்தியம் இயற்றினார். நோட்டுஸ்வரம் என்று அவற்றைச் சொல்கிறோம். பிரித்தானிய அரச வாழ்த்தின் மெட்டுக்கூட அவற்றில் ஒன்று. இதனால் தீக்ஷிதரின் பெருமை ஓர் அணுவளவும் குறைந்துவிடவில்லை. பிற்காலத்திலே யூ. ஸ்ரீநிவாஸ் மண்டலினையும், கத்ரி கோபால்நாத் சக்ஸபோனையும் கச்சேரி மேடைக்கு ஏற்றிவைத்தார்கள். இப்போது இருவருமே மறைந்துவிட்டார்கள். அவர்கள் வாசித்த கல்யாணியும் காம்போதியும் நம் காதிலே நிற்கின்றன.

கட்டளையால் இரசனை வளராது

இரசனையைக் கட்டளையால் திருத்த முற்பட்டவர்களும் உண்டு. ஆர்மோனியத்தின் சுரங்கள் நிலையானவை, அதிலே கமகம் வராது என்ற காரணத்துக்காக, 1940 இல் அகில இந்திய வானொலி அதைத் தடைசெய்தது. 1971 வரையிலே அந்தத் தடை நீடித்தது. கூறிய காரணத்தில் உண்மை இருந்தது. ஆயினும் அந்த முப்பது வருடங்களிலும் வட இந்தியக் கச்சேரி மேடைகளில் பெரிய பாடகர்களுக்குப் பக்கவாத்தியமாக ஆர்மோனியம் ஒலித்துக்கொண்டுதான் இருந்தது.

இதைவிட நமக்கு நெருக்கமான கதை ஒன்று உண்டு. 1952 இல் இந்தியாவின் தகவல், ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர், மக்களின் செவியைச் சாஸ்திரிய இசையின்பால் திருப்ப விரும்பினார். நல்ல நோக்கந்தான். அவர் காலத்திலே அகில இந்திய வானொலியிலிருந்து திரைப்பாடல்கள் ஏறக்குறைய மறைந்துபோயின. மக்கள் என்ன செய்தார்கள்? வானொலிப்பெட்டியின் முள்ளைத் திருப்பினார்கள். முள் வந்து நின்ற இடம் கொழும்பு! இலங்கை வானொலியிலிருந்து அமீன் சயானியின் 'பினாக்கா கீத்மாலா' 1952 முதல் ஒலிக்கத் தொடங்கியது. பம்பாயிலே பதிவான நிகழ்ச்சி கொழும்பிலிருந்து ஒலிபரப்பாகி, திரும்பவும் இந்தியாவின் மூலைமுடுக்கெல்லாம் சென்றது. 1957 இல் அகில இந்திய வானொலியே விவித்பாரதி என்ற சேவையை ஆரம்பித்துத் திரைப்பாடல்களை மீண்டும் ஒலிபரப்பவேண்டியதாயிற்று.

கேஸ்கர் சாஸ்திரிய இசைக்குச் செய்த பணியைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. வானொலியிலே சிறந்த கலைஞர்களுக்கு இடமும் நேரமும் அவர் காலத்திலே கிடைத்தன. ஆனால் ஒன்றை வளர்ப்பதற்கு இன்னொன்றின் வாயை அடைக்கவேண்டியதில்லை என்பதே அந்த அனுபவம் தரும் பாடம். வீட்டிலே பிள்ளை ஏதோ ஒரு புதிய பாட்டைக் கேட்கும்போது, "இதென்ன சத்தம், நிறுத்து!" என்று அதட்டும் பெற்றோருக்கும் இது பொருந்தும். பிள்ளை கேட்பதை நிறுத்துவதில்லை. காதிலே ஒரு வயரை மாட்டிக்கொண்டு தனியே கேட்கிறது. அவ்வளவுதான்.

நம் நாட்டின் காதுகள்

எமது நாட்டைப் பாருங்கள். மொழியாலும் இனத்தாலும் நாம் எவ்வளவோ பிரிந்து நின்றோம். இசை அந்த எல்லைகளைச் சத்தமில்லாமல் தாண்டிச் சென்றிருக்கிறது. தமிழ்நாட்டின் சேலத்திலே பிறந்த முஸ்லிம் ஒருவர் இலங்கைக்கு வந்து, சிங்களத்திலே பௌத்த பக்திப் பாடல்களைப் பாடி, வெசாக் காலம் வந்தால் நாடெங்கும் ஒலிக்கும் குரலாக விளங்கினார். அவர்தான் மொஹிதீன் பேக். சிங்களத் திரைப்படங்கள் பலவற்றுக்கு இசையமைத்த ஆர். முத்துசாமி தமிழர். சிங்கள இசைக்கு ஒரு தனி முகத்தைத் தந்த அமரதேவ, இந்தியாவின் லக்னோ நகரிலே வட இந்திய இசை பயின்று, அதையும் இந்த மண்ணின் நாட்டுப்பாடலையும் இணைத்தவர்.

போர்த்துக்கேயர் காலத்திலே விழுந்த ஒரு விதை பைலாவாக வளர்ந்தது. சிங்களப் பாடகர்களும் மட்டக்களப்புப் பறங்கியரும் அதைப் பேணினார்கள். நமது ஏ.ஈ. மனோகரன் 'சுராங்கனி'யைப் பாடியபோது, அந்தத் துள்ளல் பாக்கு நீரிணையைக் கடந்து தமிழ்நாட்டுக் கலியாண வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. நித்தி கனகரத்தினம் தமிழிலே பொப்பிசையைப் பாடி இளைஞர்களைக் கவர்ந்ததும் இதே பரம்பரையிலேதான்.

இன்னொரு குடும்பத்தின் கதை. வயலின் வித்துவான் வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்திலே இசை கற்பித்துவந்தவர். 1958 இன வன்செயல்களின் பின்னர் அவருடைய குடும்பம் சென்னைக்குச் சென்றது. அவருடைய புதல்வர்கள் மூவரைப் பாருங்கள். மூத்தவரான எல். வைத்தியநாதன் 'ஏழாவது மனிதன்' உட்படப் பல திரைப்படங்களுக்கு இசையமைத்தார். எல். சுப்பிரமணியம் கர்நாடக இசையிலே ஊன்றி நின்றுகொண்டே, ஜாஸ் வயலின் மேதை ஸ்டெஃபான் கிரப்பெல்லியுடனும், யெஹுதி மெனுஹினுடனும் சேர்ந்து வாசித்தார். எல். சங்கர், கித்தார் வாசிக்கும் ஜோன் மெக்லாஃலின், தபேலா வாசித்த சாகிர் ஹுசைன், கடம் வாசிக்கும் விக்கு விநாயகராம் ஆகியோருடன் சேர்ந்து 'சக்தி' என்ற குழுவை 1970களிலே உலகறியச் செய்தார். ஜாஸ், வட இந்திய இசை, தென்னிந்திய இசை மூன்றும் அந்த மேடையிலே கூடின. ஒரே தகப்பனிடம் பயின்ற மூன்று பிள்ளைகள் மூன்று திசைகளிலே போனார்கள். எவருக்கும் அடிப்படை ஆட்டங்காணவில்லை. ஓரிசையை ஆழமாகக் கற்றவர்களே மற்ற இசையைத் தாராளமாக வரவேற்றிருக்கிறார்கள் என்பதை இது காட்டுகிறது.

இதை நினைக்கும்போது எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. அந்த வயலின்கள் யாழ்ப்பாணத்திலேயே தங்கியிருந்தால் எமது பிள்ளைகள் எத்தனை பேர் அவற்றைக் கேட்டு வளர்ந்திருப்பார்கள்! பகைமை முதலிலே பறித்துக்கொள்வது மனிதரை. அவர்களோடு அவர்களின் இசையும் போய்விடுகிறது.

எல்லாமே நல்லவையா?

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். "அப்படியானால் எல்லா இசையும் ஒன்றுதான், நல்லது கெட்டது இல்லை என்கிறீரா?" அப்படி நான் சொல்லவில்லை. நல்ல திரைப்பாடலும் உண்டு, சோம்பலாகச் செய்த திரைப்பாடலும் உண்டு. உயிருள்ள கச்சேரியும் உண்டு, பாடாந்தரத்தை ஒப்புவிக்கும் கச்சேரியும் உண்டு. மேடு பள்ளங்கள் ஒவ்வொரு வகைக்கு உள்ளேயும் இருக்கின்றன. பைலா என்பதற்காக ஒன்றைத் தாழ்த்துவதும் கீர்த்தனை என்பதற்காக ஒன்றை உயர்த்துவதும் இரசனையாகாது. அது முகவரியைப் பார்த்து மரியாதை செய்யும் பழக்கம்.

எங்கள் கோயில் திருவிழாக்களிலே இதற்குச் சான்று இருந்தது. அளவெட்டி என்.கே. பத்மநாதனின் நாதஸ்வரத்தையும், 1975 இல் மறைந்த தவில் மேதை தட்சிணாமூர்த்தியின் வாசிப்பையும் விடிய விடியக் கேட்டவர்களில் பெரும்பாலானோர் சங்கீதம் படித்தவர்களல்லர். தோட்டக்காரரும் கடைக்காரரும் பள்ளிக்கூட மாணவரும் மணலிலே உட்கார்ந்து கேட்டார்கள். ஒரு தீர்மானம் சரியாக வந்து விழும் இடம் அவர்களுக்குத் தெரிந்தது. அங்கே தலை அசைந்தது. அதே மனிதர்கள் வேறொரு நாள் அதே வீதியிலே மெல்லிசைக் குழுவின் திரைப்பாடல்களையும் நின்று கேட்டார்கள். அங்கும் யார் நன்றாகப் பாடினார், யார் சுருதி விலகினார் என்று அவர்களுக்குத் தெரிந்தது. இரண்டு காதுகளும் அவர்களிடம் இருந்தன. இரண்டும் கூர்மையாகவே இருந்தன.

எல்லாவற்றையும் ஒரே அளவில் விரும்பவேண்டும் என்பதுமில்லை. நாதஸ்வரம் எனக்குத் தாய்வீடு. மற்றவை நான் விரும்பிப் போய்வரும் வீடுகள். தாய்வீடு உள்ளவனுக்கு விருந்துக்குப் போவதிலே பயமில்லை.

இன்றைய நிலை

முன்பு வானொலியிலே ஒரு நிகழ்ச்சி முடிய இன்னொன்று வரும். கர்நாடக இசை, மெல்லிசை, கிராமிய இசை, பொப்பிசை என்று அறிவிப்பாளர் வைத்ததை நாம் கேட்டோம். நாம் தேடாத இசையும் நம்மைத் தேடி வந்தது. இன்று கைப்பேசியிலே உலகத்து இசை முழுவதும் இருக்கிறது. ஆனால் நேற்று நாம் எதைக் கேட்டோமோ அதைப் போன்ற ஒன்றையே அது இன்றும் முன்னே நீட்டுகிறது. கடல் முழுவதும் கையிலிருக்க, நாம் ஒரு கிணற்றிலே குளித்துக்கொண்டிருக்கிறோம். இரசனை சுருங்குவதற்கு இன்று எந்த அமைச்சரின் தடையும் தேவையில்லை.

ஆகவே நேயர்களுக்கு ஒரு சிறு யோசனை. மாதம் ஒருமுறையாவது உங்களுக்குப் பழக்கமில்லாத ஓர் இசையை முழுமையாகக் கேளுங்கள். ஒரு தடவையோடு தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். மூன்று தடவை கேளுங்கள். அதை நேசிக்கும் ஒருவரிடம், "இதிலே எதைக் கவனிக்கவேண்டும்?" என்று விசாரியுங்கள். அவர் மகிழ்ச்சியோடு சொல்லித்தருவார். உங்கள் வீட்டுப் பிள்ளை கேட்கும் பாட்டையும் ஒருநாள் பக்கத்திலிருந்து கேட்டுப் பாருங்கள். பிறகு நீங்கள் விரும்பும் பாட்டை அந்தப் பிள்ளைக்குக் கேட்கக் கொடுங்கள். அதன்பின்னும் பிடிக்கவில்லையென்றால் விட்டுவிடலாம். அப்போது அது அறிந்து சொன்ன தீர்ப்பாக இருக்கும்.

அடுத்த உரையிலே வேறொரு பொருளோடு சந்திப்போம்.